அருந்ததி மங்கலான விண்மீன் அல்ல

நம் சூரியனைப் பெயர்த்துக்கொண்டுபோய் அருந்ததி இருக்கும் இடத்தில் வைத்தால், இங்கிருந்து வெறுங்கண்ணுக்குத் தெரியாது. நிலா இல்லாத இரவில், தெருவிளக்கு எட்டாத மலைக்காட்டில் நின்று பார்த்தாலும் தெரியாது, பைனாகுலர் வேண்டும். கல்யாணத்தில் புரோகிதர் வானத்தைக் காட்டி "தெரியறதா?" என்று கேட்க, மாப்பிள்ளையும் பெண்ணும் ஒப்புக்குத் தலையாட்டுகிறார்களே, அந்தப் புள்ளி சூரியனைப் போலப் பதின்மூன்று, பதினான்கு மடங்கு வெளிச்சத்தைக் கொட்டிக்கொண்டிருக்கிறது. அது மங்கல் என்று பேர் வாங்கியதற்குத் தூரம் ஒரு காரணம். பக்கத்திலேயே வசிஷ்டர் உட்கார்ந்திருப்பது இன்னொரு காரணம்.

முதலில் ஆளைக் கண்டுபிடிப்போம். வடக்கே ஏழு விண்மீன்கள் சேர்ந்து ஒரு பெரிய கரண்டி போலத் தெரியும் கூட்டம்தான் சப்தரிஷி மண்டலம். அந்தக் கரண்டியின் கைப்பிடியில் மூன்று விண்மீன்கள். நடுவில் இருப்பது வசிஷ்டர். உலக வானியலில் மிசார். அதை ஒட்டி, ஊசி முனையால் குத்தியது போல ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி இருக்கும். அதுதான் அருந்ததி. அரபு வழிப் பெயர் அல்கோர்.

சடங்கு நடக்கும் நேரத்தில் அது எங்கே இருக்கும் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். தை மாத முகூர்த்தத்தில் காலை ஒன்பதரை மணிக்கு அருந்ததி வடமேற்கே இறங்கிக்கொண்டிருக்கும். ஆவணியில் அதே நேரத்துக்கு வடகிழக்கே அப்போதுதான் எழுந்திருக்கும். வெயிலில் இரண்டுமே தெரியப்போவதில்லை என்பதால் யார் எந்தப் பக்கம் கை காட்டினாலும் சரிதான். ஆனால் தை மாதத்து விடியற்கால முகூர்த்தம் என்றால் கதை வேறு. மாதத்தின் நடுவில் காலை ஐந்து மணி வாக்கில் அது நேர் வடக்கில், சென்னையிலிருந்து பார்த்தால் அடிவானத்துக்கும் உச்சிக்கும் சரிபாதி உயரத்தில், 48 டிகிரியில் நிற்கும். மண்டபத்துச் சீரியல் விளக்குகளை விட்டு நாலு அடி தள்ளி நின்றால் உண்மையிலேயே பார்த்துவிட்டு வரலாம். மாலை நேரத்துக்கு வேண்டுமென்றால் வைகாசி: இரவு ஒன்பது மணிக்கு அதே இடத்தில் இருக்கும்.

இதை வைத்துக் கண்பார்வையைச் சோதிப்பது பல நாடுகளில் பழைய வழக்கம். அருந்ததி கண்ணுக்குத் தெரியாமல் போனால் ஆயுள் முடியப்போகிறது என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கையும் உண்டு. ஆனால் சோதனை எதைச் சோதிக்கிறது என்பதில் ஒரு குழப்பம் இருக்கிறது. இரண்டு புள்ளிகளும் ஒட்டிக்கொண்டிருப்பதால் பிரித்துப் பார்ப்பதுதான் கஷ்டம் என்று நினைக்கிறோம். அப்படியில்லை. இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி முழுநிலாவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். சாதாரணக் கண்ணால் இதில் பன்னிரண்டில் ஒரு பங்கு இடைவெளியைக்கூடப் பிரித்துப் பார்க்க முடியும். கஷ்டம் வெளிச்சத்தில்தான். விண்மீன்களின் வெளிச்சத்தைப் பொலிவெண் என்ற அளவால் சொல்கிறார்கள். எண் கூடக் கூட வெளிச்சம் குறையும், ஒவ்வொரு படிக்கும் இரண்டரை மடங்கு. வசிஷ்டர் 2, அருந்ததி 4. அதாவது வசிஷ்டரில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு வெளிச்சம். நல்ல இருட்டில் மனிதக் கண் பொலிவெண் 6 வரை பார்க்கும். சென்னை நடுவிலோ கோவை நடுவிலோ நின்றால் 3 தாண்டுவதே பெரும்பாடு. நகரத்து மொட்டை மாடியில் அருந்ததி தெரியவில்லை என்றால் அது உங்கள் ஆயுளைப் பற்றிய செய்தி அல்ல, எல்இடி தெருவிளக்கைப் பற்றிய செய்தி.

சரி, இந்தப் பொலிவெண் 4 என்பது இங்கே வந்து சேரும் வெளிச்சம். அங்கே எவ்வளவு எரிகிறது என்று தெரிய வேண்டுமானால் தூரம் வேண்டும். கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பாருங்கள்; கண்ணை மாற்றினால் விரல் பின்னணியில் இடம் மாறும். பூமி சூரியனைச் சுற்றுவதால், ஆறு மாத இடைவெளியில் பார்த்தால் பக்கத்து விண்மீன்களும் இப்படி இடம் மாறுகின்றன. ஐரோப்பாவின் ஹிப்பார்க்கோஸ் செயற்கைக்கோள் 1989க்கும் 1993க்கும் இடையில் லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களுக்கு இந்த ஆட்டத்தை அளந்தது. அருந்ததிக்குக் கிடைத்த கோணம், ஒரு டிகிரியை 3,600 கூறு போட்டால் வரும் ஒரு கூறில் (வில்விநாடி என்பார்கள்) நூற்றுக்கு நாலு பங்கு. இது எவ்வளவு சின்னது என்றால், சென்னையில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை நிறுத்திவைத்து வேலூரிலிருந்து பார்த்தால் அந்த நாணயம் எவ்வளவு அகலம் தெரியுமோ ஏறக்குறைய அவ்வளவு. அதிலிருந்து வரும் தூரம் சுமார் 82 ஒளியாண்டு. இன்றைக்கு இரவு நம் கண்ணில் படும் அருந்ததியின் ஒளி 1940களில் அங்கிருந்து கிளம்பியது.

தூரம் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவிழும். 82 ஒளியாண்டு தள்ளி நம் சூரியனை வைத்தால் அதன் பொலிவெண் 6.8க்கு இறங்கிவிடும், கண்ணின் எல்லைக்குக் கீழே. அருந்ததியோ அதே தூரத்தில் 4. இந்த வித்தியாசத்தை மடங்காக மாற்றினால்தான் அந்தப் பதின்மூன்று, பதினான்கு வருகிறது.

அடுத்து நிறம். அருந்ததி வெள்ளை என்று எல்லோரும் சொல்கிறோம். உண்மையைச் சொன்னால், கண்ணை மட்டும் நம்பி அதைச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. குறைந்த வெளிச்சத்தில் நம் கண்ணில் நிறம் அறியும் கூம்புச் செல்கள் வேலை செய்வதில்லை. கறுப்பு வெள்ளை மட்டும் அறியும் குச்சிச் செல்கள்தான் பார்க்கின்றன. திருவாதிரையும் கேட்டையும் செம்மையாகத் தெரிகின்றன என்றால் அவை அவ்வளவு பிரகாசம். பொலிவெண் 4 அளவுக்கு மங்கிய எந்த விண்மீனும், அது மஞ்சளோ ஆரஞ்சோ, வெறுங்கண்ணுக்கு வெளுத்துத்தான் தெரியும். அருந்ததியின் விஷயத்தில் கண் சொல்வதும் கருவி சொல்வதும் தற்செயலாக ஒத்துப்போகின்றன, அவ்வளவுதான்.

கருவி செய்வது எளிமையான வேலை. நீல வடிகட்டி வழியாக ஒரு முறை, மஞ்சள்பச்சை வடிகட்டி வழியாக ஒரு முறை வெளிச்சத்தை அளந்து ஒப்பிடுகிறது. கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவந்து, அப்புறம் மஞ்சளாகி, கடைசியில் வெளுக்கிறது அல்லவா, அதே கணக்கு. அருந்ததியில் நீலத்தின் பங்கு சூரியனில் இருப்பதைவிடக் கூடுதல்; மேற்பரப்பு வெப்பநிலை 8,000 கெல்வின் வாக்கில் வருகிறது. சூரியனுக்கு 5,800க்குச் சற்றுக் குறைவு. இந்தச் சூட்டில் ஒளியின் உச்சம் கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டிப் புறஊதாவுக்குள் போய்விடுகிறது. மிச்சம் கண்ணுக்குள் விழும் பகுதியில் எல்லா நிறமும் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லாமல் கலந்திருப்பதால் வெள்ளை, லேசாக நீலம் பூசிய வெள்ளை.

இந்த இடத்தில் சங்கப் பாட்டு ஒன்று குறுக்கே வருகிறது. சிலப்பதிகாரம் கண்ணகியைத் "தீதிலா வடமீனின் திறம்" என்று புகழும்போது வடக்கே இருக்கும் மீன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. பதிற்றுப்பத்திலோ சேரன் தேவியைச் "செம்மீன் அனையள்" என்று ஒரு பாட்டு சொல்கிறது. உரைகாரர்கள் அதை அருந்ததி என்றே எடுக்கிறார்கள். செம்மை என்றால் சிவப்பு மட்டும் இல்லை, சிறப்பும் நேர்மையும்கூட. நிறமாக எடுத்துக்கொண்டால் 8,000 கெல்வின் ஒத்துவராது. எனக்கென்னவோ சிறப்பு என்ற பொருள்தான் அங்கே பொருந்துகிறது. ஆனாலும் 'செம்மீன்' என்ற சொல்லைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சமும் வெப்பமும் தெரிந்தால் பருமனைக் கண்டுபிடிக்கலாம். ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பும் வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப ஒளியை உமிழ்கிறது. அருந்ததியின் பரப்பு சூரியனைவிட 1.38 மடங்கு சூடு. நான்காம் அடுக்கு என்றால் சதுர மீட்டருக்கு மூன்றரை மடங்குக்கு மேல் வெளிச்சம். மொத்த வெளிச்சம் பதின்மூன்றரை மடங்கு என்று வைத்தால், பரப்பு நாலு மடங்குக்குச் சற்றுக் குறைவு. ஆக விட்டம் சூரியனைப் போல இரு மடங்குக்குக் கொஞ்சம் கம்மி. நிறை 1.8 மடங்கு வாக்கில். இவ்வளவு பெரிய உருண்டை 82 ஒளியாண்டு தள்ளி இருக்கும்போது ஒரு வில்விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அகலம்கூடத் தெரியாது. சாதாரணத் தொலைநோக்கி எதிலும் அது புள்ளிதான். நாம் உருவத்தைப் பார்க்கவே இல்லை; கணக்கில் பார்க்கிறோம்.

உருவத்தைப் பார்க்காமலே அது சுழல்வதையும் பார்க்கலாம் என்பதுதான் இந்த விண்மீனில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஒளியை முப்பட்டகம் மாதிரி ஒன்றில் விட்டுப் பிரித்தால் வானவில் பட்டை வரும், அதுதான் நிறமாலை. அதன் குறுக்கே ஆங்காங்கே கறுப்புக் கோடுகள் விழுந்திருக்கும், விண்மீனின் மேலடுக்கில் உள்ள அணுக்கள் தமக்கு வேண்டிய நிறத்தை விழுங்கியதன் தடம். அருந்ததி 'ஏ' வகை விண்மீன்; இந்த வகையின் அடையாளமே தடித்த ஹைட்ரஜன் கோடுகள். சூரியனிலும் ஹைட்ரஜன்தான் நிறைய. ஆனால் அங்கே சூடு போதாததால், இந்தக் கோடுகளை உண்டாக்கும் கிளர்ந்த நிலையில் இருக்கும் அணுக்கள் குறைவு. இதைவிட மிகச் சூடான நீல விண்மீன்களிலோ ஹைட்ரஜன் எலக்ட்ரானையே பறிகொடுத்துவிடும். எட்டாயிரம், பத்தாயிரம் கெல்வின் என்பது ஹைட்ரஜனுக்கு வாகான சூடு.

அருந்ததியின் நிறமாலையில் இன்னொரு வித்தியாசம் உண்டு. கோடுகள் கூர்மையாக இல்லை. மையில் எழுதிய காகிதத்தில் ஈரம் பட்டது போல இரண்டு பக்கமும் ஊறிப் பரவியிருக்கின்றன. சுழலும் விண்மீனின் ஒரு விளிம்பு நம்மை நோக்கி வருகிறது, மறு விளிம்பு விலகிப் போகிறது. வரும் பக்கத்து ஒளி நீலத்தின் பக்கம் சற்று நகரும், போகும் பக்கத்து ஒளி சிவப்பின் பக்கம். ஒரே புள்ளியாக எல்லாம் சேர்ந்து வரும்போது கோடு அகலமாகிவிடுகிறது. எவ்வளவு அகலம் என்று அளந்தால் வேகம்: நடுக்கோட்டில் விநாடிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். சூரியனின் நடுக்கோடு இரண்டு கிலோமீட்டர் வேகத்தில்தான் நகர்கிறது. சூரியன் ஒரு சுற்றுக்கு 25 நாள் எடுத்துக்கொள்ள, அதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு பருத்த அருந்ததி பத்துப் பதினோரு மணி நேரத்துக்குள் ஒரு சுற்றை முடித்துவிடுகிறது. அதன் அச்சு நம் பக்கம் சாய்ந்திருந்தால் இன்னும் சீக்கிரமாகவே.

இந்த வேகத்தில் சுழலும் வாயு உருண்டை உருண்டையாக இருக்க முடியாது. நடு புடைத்து, மேலும் கீழும் தட்டையாகும். திருவோண நட்சத்திரமும் ஏ வகைதான், இதே போல வேகமாகச் சுழல்கிறது, ஆனால் ஐந்து மடங்கு பக்கத்தில் இருக்கிறது. பல தொலைநோக்கிகளின் ஒளியைச் சேர்த்து 2007இல் அதன் முகத்தைப் படமாகவே எடுத்துவிட்டார்கள்: நடு அகலம் உயரத்தைவிட இருபது சதவீதத்துக்கும் மேல் கூடுதல், துருவங்கள் பளிச்சென்று, இடுப்பு சற்றுக் கறுத்து. அருந்ததியும் கொஞ்சம் அந்தச் சாயலில்தான் இருக்கும்.

சூரியன் மட்டும் ஏன் இவ்வளவு மந்தம்? அதுவும் பிறந்தபோது வேகமாகச் சுழன்றதுதான். சூரியனின் வெளியடுக்கு உலைச்சோறு போலக் கொதித்துப் புரண்டுகொண்டே இருக்கிறது. அந்தப் புரட்டலும் சுழற்சியும் சேர்ந்து காந்தப்புலத்தை உண்டாக்குகின்றன. காந்தப்புலம் சூரியக் காற்றை, அதாவது சூரியனிலிருந்து ஓயாமல் வெளியேறும் துகள்களின் ஓட்டத்தை, பிடித்துக்கொண்டு கூடவே இழுக்கிறது. அது பிரேக் போட்டது மாதிரி சுழற்சியைக் கோடிக்கணக்கான ஆண்டுகளில் தணித்துவிடுகிறது. அருந்ததி மாதிரி வெள்ளை விண்மீன்களில் அப்படிக் கொதிக்கும் தடித்த வெளியடுக்கு கிடையாது. பிரேக்கும் இல்லை. அதே காரணத்தால், காந்தப்புலம் சூடேற்றும் ஒளிவட்டமும் (விண்மீனைச் சுற்றியிருக்கும் மெல்லிய, மிகச் சூடான வாயு உறை) அவற்றுக்கு இருக்கக் கூடாது, ஒளிவட்டத்திலிருந்து கிளம்பும் எக்ஸ் கதிரும் வரக் கூடாது.

ஆனால் வந்தது. 1990களில் வானத்தை எக்ஸ் கதிரில் வருடிய ரோசாட் செயற்கைக்கோள் அருந்ததியின் திசையிலிருந்து எக்ஸ் கதிர் வருவதைப் பதிவு செய்தது. வெள்ளை விண்மீன் செய்யாத வேலையை வேறு யாரோ அங்கே உட்கார்ந்து செய்கிறார்கள் என்று அர்த்தம்.

யார் என்று 2009இல் தெரிந்தது. அமெரிக்காவில் இரண்டு குழுக்கள், ஒன்று அரிசோனாவின் ஆறரை மீட்டர் எம்எம்டி தொலைநோக்கியிலும் இன்னொன்று பாலோமாரின் ஐந்து மீட்டர் ஹேல் தொலைநோக்கியிலும், தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தன. இரண்டு இடத்திலும் தந்திரம் ஒன்றுதான்: காற்றின் நடுக்கத்தை உடனுக்குடன் திருத்தும் நெகிழ்கண்ணாடி. பாலோமாரில் கூடுதலாக, அருந்ததியின் பளபளப்பை மட்டும் மறைக்கும் ஒரு மறைப்பான். எதிரே வரும் லாரியின் ஹெட்லைட்டைக் கையால் மறைத்துக்கொண்டு ஓரத்தில் நடப்பவரைப் பார்க்கிறோமே, அதுதான். மறைத்ததும் அருந்ததியிலிருந்து ஒரு வில்விநாடி தள்ளி ஒரு மங்கிய சிவப்புப் புள்ளி தெரிந்தது. அதுவும் அருந்ததியும் ஒரே தூரத்தில்தான் இருக்கின்றனவா, இல்லை தற்செயலாக ஒரே திசையில் தெரிகின்றனவா? பாலோமார் குழு சில மாதங்கள் கழித்து மறுபடி பார்த்தது. பூமியின் ஓட்டத்தால் அருந்ததி எவ்வளவு ஆடியதோ அதே அளவு அந்தப் புள்ளியும் ஆடியிருந்தது. நம் கட்டைவிரல் கணக்கேதான்.

அது ஒரு சிவப்புக் குள்ளன். சூரியனில் கால் பங்கு, கூடினால் முப்பது சதவீதம் நிறை. வெளிச்சத்தில் அருந்ததியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். இரண்டுக்கும் இடையே படத்தில் தெரியும் தூரம், சூரியனிலிருந்து நெப்டியூன் இருக்கும் தூரத்துக்குக் கிட்டத்தட்ட வருகிறது. இத்தகைய குள்ளன்களில் வாயு உள்ளிருந்து வெளிவரை கொதித்துப் புரளும், காந்தப்புலம் பலமாக இருக்கும், எக்ஸ் கதிர் தாராளமாக வரும். கணக்கு நேரானது. பதிற்றுப்பத்துப் புலவர் சொன்ன செம்மீன் இதுவாக இருக்குமோ என்று யாராவது வாட்ஸ்அப்பில் போடுவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்: இந்தக் குள்ளனை எந்தக் காலத்திலும் எந்தக் கண்ணும் கருவியில்லாமல் பார்த்திருக்க முடியாது.

வாட்ஸ்அப் என்றதும் இன்னொன்று. மற்ற இரட்டை விண்மீன்களில் ஒன்று நிலையாக நிற்க இன்னொன்று சுற்றும், வசிஷ்டரும் அருந்ததியும் மட்டும் ஒன்றையொன்று சுற்றுகின்றன, அதனால்தான் முன்னோர் கல்யாணத்தில் காட்டச் சொன்னார்கள் என்று ஒரு செய்தி வருஷா வருஷம் வலம் வருகிறது. எல்லா இரட்டை விண்மீன்களும் நடுவே உள்ள பொதுவான ஈர்ப்பு மையத்தைத்தான் சுற்றுகின்றன. ஒன்று நிலையாக நிற்பது என்பதே கிடையாது. வசிஷ்டரும் அருந்ததியும் ஈர்ப்பால் கட்டுண்டவை என்று நம்ப நல்ல காரணங்கள் உண்டு. ஆனால் இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் சூரியனுக்கும் பூமிக்கும் உள்ளதைப் போல 18,000 மடங்காவது இருக்கும்; 74,000 மடங்கு என்பது ஒரு மதிப்பீடு. குறைந்த தூரத்தை எடுத்தாலும் ஒரு சுற்றுக்கு ஏழெட்டு லட்சம் ஆண்டு. மனிதர் யாரும் அந்தச் சுற்றலைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்க வழியில்லை. வசிஷ்டரும் தனி ஆள் இல்லை: தொலைநோக்கியில் இரண்டாகப் பிரிவார், நிறமாலையில் அந்த இரண்டும் ஒவ்வொன்றும் இரண்டாகும். ஆக வசிஷ்டர் நாலு, அருந்ததி இரண்டு. ஆறு பேர் கொண்ட கூட்டுக் குடும்பம் என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

உறவு அதோடு முடியவில்லை. சப்தரிஷிகளில் நடுவிலுள்ள ஐந்து பேரும் அருந்ததியும் வானத்தில் ஒரே திசையில், ஒரே வேகத்தில் நகர்கிறார்கள். ஒரே வாயு மேகத்தில் ஒன்றாகப் பிறந்தவர்கள். இரு கோடியிலும் இருக்கும் கிரதுவும் மரீசியும் மட்டும் இந்தக் கூட்டத்தில் சேர்த்தியில்லை. தற்செயலாக வரிசையில் வந்து நின்றவர்கள். கூட்டமாகப் பிறந்ததால் வயதையும் கூட்டமாகவே கணக்கிடலாம்: நாற்பதிலிருந்து ஐம்பது கோடி ஆண்டு. அப்போதே நம் பூமிக்கு நானூறு கோடி வயது. கடலில் ஆதி மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. தமிழில் மீன் என்றால் இரண்டும்தான் என்பதால் இதைச் சொல்லாமல் விட மனமில்லை: அருந்ததி என்ற மீன் கடல் மீனைவிட மூத்ததல்ல.

நிறை கூடிய விண்மீன் எரிபொருளை வேகமாகத் தீர்த்துவிடும். சூரியனுக்கு மொத்த ஆயுள் ஆயிரம் கோடி ஆண்டு என்றால் அருந்ததிக்கு ஏறக்குறைய இருநூறு கோடி. அதன் பிறகு அது வீங்கிச் சிவந்து, மேலடுக்கை உதிர்த்து, பூமியளவே உள்ள வெள்ளைக் குள்ளனாகச் சுருங்கும். பக்கத்தில் இருக்கும் சிவப்புக் குள்ளன் கருமி. பல்லாயிரம் கோடி ஆண்டு ஆனாலும் நிதானமாக எரிந்துகொண்டிருக்கும்.

வைகாசியில் பைனாகுலரோடு மாடி ஏறுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வசிஷ்டருக்கும் அருந்ததிக்கும் அருகே, இரண்டோடும் சேர்ந்து ஒரு தட்டையான முக்கோணம் போடுவது போல மூன்றாவதாக ஒரு மங்கிய புள்ளி தெரியும். அது இவர்களுக்குச் சொந்தமில்லை, பல மடங்கு தூரத்தில் பின்னால் இருக்கும் வேறொரு விண்மீன். ஜெர்மனியில் கீசென் நகரத்துப் பேராசிரியர் லீப்னெக்ட் 1722 டிசம்பரில் அதைத் தொலைநோக்கியில் பார்த்து, நகர்கிறது என்று தப்புக் கணக்குப் போட்டு, புதிய கோள் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்து, தன் ஊர் ஆளும் பிரபு லுட்விக்கின் பெயரையும் அதற்குச் சூட்டிவிட்டார். அந்தப் பெயர் இன்றைக்கும் அதற்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது.